இடைப்பட்ட வாரங்கள்

ஹாமர்ஃபெஸ்டில் மே பாதியில் ஏறும் சூரியன்
ஜூலை கடைசிவரை இறங்குவதில்லை.
அதனால் கனத்த துணி, பின்னால் கறுப்பு உள்துணி.
ஓட்வார் ஸ்டூலில் ஏறிச் சுவரைத் துளைத்தான்.
கயிறு மாட்டும் ஆணிகளில் இடப்பக்கத்தது
மூன்று விரற்கடை தாழ்ந்துவிட்டது.
"வீடுதான் சாய்ந்திருக்கிறது" என்றான்.

திரையை ஒதுக்கிக் கட்ட எது பொருந்தும் என்று
தூரிட் மாதிரிகளை மேசையில் பரப்பினாள்.
பித்தளைச் சங்கிலி, ஆஸ்பத்திரி ஞாபகம்.
குஞ்சம் வைத்தது அப்படியே அக்கா வீடு.
காந்தம் வைத்ததைப் பூனை பார்த்துவிட்டது;
அன்றே காணோம்.

ஓட்வார் கணக்குக் கேட்டான்:
கோடை முழுக்கத் திறக்கப் போவதில்லை.
நவம்பரில் போகிற வெயில்
ஜனவரியில்தான் திரும்பும், அதுவரை
உள்ளேயும் வெளியேயும் ஒரே கறுப்பு.
எதை ஒதுக்கி எதைப் பார்க்க?

அவள் பதில் சொல்லவில்லை.
அவனுடைய குளியல் அங்கியின் நாடாவை உருவி
தாழ்ந்த ஆணியில் மாட்டினாள்.
தற்காலிகமாக, என்றாள்.

தற்காலிகம் எட்டு மாதம் தொங்கியது.

ஜனவரி மூன்றாம் வாரம். நண்பகல்.
தூரிட் திரையைக் கொத்தாக அள்ளி
நாடாவால் இறுக்கிக் கட்டினாள்.
மலை விளிம்பில் ஆரஞ்சுச் சுளையளவு வெளிச்சம்,
கண்ணாடி தாண்டி, சர்க்கரை டப்பா தாண்டி
பூனையின் வயிற்றில் வந்து படுத்தது.

ஓட்வார் ஒரு கையால் அங்கியைப் பிடித்தபடி
மறுகையில் ஆறிப்போன காபியோடு நின்றான்.

"குளிருமே, அவிழ்த்துத் தரட்டுமா?"

"பொறு" என்றான்.