அனாமத்துக் கணக்கு

கழுத்தில் தொங்கும் அட்டை என்னைப்
பரிவர்த்தனை நிபுணர் என்கிறது.
மகன் கேட்டால்
பணத்துக்கு வழி சொல்பவள் என்பேன்.
பணம் என் கையில் பட்டதில்லை.

கௌனஸ் நகரம், ஆறாவது மாடி, நவம்பர்.
நெமுனாஸ் ஆறு பனிமூட்டத்துக்குள் எங்கோ இருக்கிறது,
இன்னும் வரவு வைக்காத தொகை மாதிரி.
வரிசையில் முந்நூற்றுப் பன்னிரண்டு.
இயந்திரம் மறுத்தவை அல்ல, தயங்கியவை.
அது தயங்கியதெல்லாம் எனக்கு.

செத்தவர் பெயருக்குத் திரும்பி வந்த மின்கட்டணம்.
ஒரே நாளில் இருமுறை அனுப்பிய பள்ளிச் சம்பளம்.
விவரப் பெட்டியில்
"அக்காவுக்கு, கோபம் வேண்டாம்"
என்று மட்டும் எழுதிய ஐம்பது யூரோ.
எந்த அக்கா?
அந்தக் கணக்கை மூடிப் போன வருடமே ஆயிற்று.
ஆள் தெரியாவிட்டால் அனாமத்தில் போடு என்பது விதி.
போட்டேன்.
கோபம் இருக்கிறதா இல்லையா என்று
அங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.

பத்து மணிக்கு நோர்வேயிலிருந்து ஒரு மீன் ஆலை.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு யூரோ, இருபது சென்ட்.
மீன் வயிறு கிழித்த அக்டோபர் முழுதும் அதற்குள் இருக்கிறது.
பெறுபவர்: ரிமாந்தெ நோர்விலியெனெ.
கணக்கில் இருப்பவர்: ரிமாந்தெ நோர்விலெ.

எங்கள் ஊரில் பெண்ணுக்குத்
தலையெழுத்து கிடையாது, வாலெழுத்துதான்.
பெயரின் வால் நீண்டிருந்தால் ஒருவரின் மனைவி.
வேறு மாதிரி வளைந்திருந்தால் ஒருவரின் மகள்.
குட்டையாக இருந்தால்
கேட்காதே.

கடைசி எழுத்தின் உச்சியில் ஒரு புள்ளி உண்டு.
கடல் தாண்டி வருகையில் இயந்திரங்கள் துடைத்துவிடும்.
புள்ளி உதிர்ந்தால் மன்னிக்கலாம், விதி நான்கு.
எழுத்து உதிர்ந்தால் நிறுத்து, விதி ஐந்து.
ரிமாந்தெ வாலை நறுக்கியிருக்கிறாள்.

அழைத்தேன்.
பின்னால் குழாய்நீர் பீய்ச்சும் சத்தம், யாரோ நோர்வே மொழியில் அதட்டுகிறார்கள்.
பெயர் மாற்றத்தின் காரணம் என்ன?
படிவத்தில் அதற்கொரு பெட்டி,
காலியாக விட்டால் பச்சை எரியாது.
"கையுறையோடு கையெழுத்துப் போடுகிறேன்," என்றாள்,
"குட்டையாக இருந்தால் சுலபம்."
சிரித்தாளா இருமினாளா தெரியவில்லை.
பிறகு,
"வெள்ளிக்கிழமை வாடகை."

திருப்பி அனுப்பு, என்கிறான் பக்கத்து மேசை வைதோதாஸ்,
பதினைந்து யூரோ கட்டணம் அவர்கள் தலையில், நம் தலையில் இல்லை.
கெட்டவன் அல்ல.
அவன் வரிசையில் நானூறு.

பதிவகத்திலிருந்து சான்று வர இரண்டு மணி நேரம்.
அதற்குள் டப்பாவில் பீட்ரூட் சூப் ஆறி ஆடை கட்டிவிட்டது.
காரணப் பெட்டியில் "சட்டப்படியான மாற்றம்" என்று தட்டினேன்.
பொய்யில்லை.
பெட்டிக்கு அதற்குமேல் இடமும் இல்லை.

மூன்று ஐம்பத்தெட்டு. நான்கு மணிக்குக் கதவு சாத்திவிடும்.
விடுவி.

மணி அடிக்காது. மீன்வாடை வராது.
சாம்பல் நிறத்தில் கிடந்த ஒரு வரி
பச்சையாகும், அவ்வளவுதான்.

ஐந்தரைக்கு நாளை மூடும்போது
கணக்கு ஒரு சென்ட் உதைக்கிறது.
எழுபது லட்சம் யூரோ சொன்னபடி கேட்டு உட்கார்ந்திருக்க,
ஒரு சென்ட்.
வைதோதாஸ் கோட்டை மாட்டிக்கொண்டு
பையைத் துழாவி ஒரு நாணயத்தை என் மேசையில் வைக்கிறான்.
"சரியாகிவிட்டது, வா."
அப்படிச் சரியாகாது என்று அவனுக்கும் தெரியும்.
தேடினேன். எட்டு மணி ட்ராலிபஸ் போய்விட்டது.

திரையை அணைத்தேன்.
கறுப்புக் கண்ணாடியில் என் கழுத்து அட்டை,
பெயர் வாலிலிருந்து தொடங்குகிறது.
கட்டைவிரலால் வாலை மறைத்து
எவ்வளவு மிஞ்சுகிறது என்று
பார்த்தேன், சும்மா.

ஒரு சென்ட் அனாமத்தில்.
நாணயம் மேசையிலேயே கிடக்கட்டும்,
அது வைதோதாஸுடையது.