காலனி எந்தப் பக்கம்

மாரண்டஅள்ளி ஜெராக்ஸ் கடையில் மை தீரும் நேரம்.
பேச்சின் கடைசிப் பக்கம்
சாம்பல் நிறத்தில் வந்து விழுந்தது.
"படிக்கத் தெரியுதில்ல மேடம், அது போதும்."
முப்பத்தொரு பிரதிக்கு
பாதிக் காசு மட்டும் வாங்கிக்கொண்டான்.

தலைமையாசிரியர் கூத்தரசன் சார்
ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்.
"நல்ல பேச்சு. இலக்கணம் நடத்துங்க.
ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருதே, அதைச் சொல்லுங்க.
அமெரிக்காவுல நடந்தது
அமெரிக்காவுலயே இருக்கட்டும்."

சரி சார் என்றேன்.
நான் எல்லாவற்றுக்கும் முதலில் சரி சார்தான்.

ரெண்டரை லட்சம் பேர் நின்று கேட்டார்கள் என்றதும்
மாதேஷ் பென்சிலைக் கடித்துக் கணக்குப் போட்டான்.
பஸ்ஸுக்கு அறுபது பேர்,
நாலாயிரத்துச் சொச்சம் பஸ்.
"அத்தனையும் எங்க மிஸ் நிறுத்துனாங்க?"
குடிக்கத் தண்ணி?
கக்கூஸ்?
"மேடையில பொம்பளைங்க எத்தனை பேர் பேசுனாங்க?" என்றாள் கிருபாலினி.
தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.
இன்னும் தேடவில்லை.

வெளியே ராயக்கோட்டைக்குப் போகும் தக்காளி வண்டி
ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு போனது.
சத்தம் தேயும்வரை காத்திருந்தோம்.

பிறகு கனவு என்ற சொல்லில் மாட்டிக்கொண்டோம்.
ராத்திரி வருவது என்றார்கள் பாதிப் பேர்.
கனவு கண்டேன் என்றுதானே சொல்வோம் மிஸ்,
விடிஞ்சப்புறம்?
ஆமாம், நம்மிடம் அது இறந்தகாலம்.
இவர் நிகழ்காலத்தில் சொல்கிறார் என்று
கரும்பலகையில் எழுதி அடிக்கோடிட்டேன்.
"பகல்லயா? நின்னுக்கிட்டேவா?"
பகலில்தான். ஆகஸ்ட் வெயிலில். நின்றுகொண்டு.
பழுப்பேறிய பற்கள் தெரியச் சிரித்தார்கள்.
எங்கள் போர்வெல் தண்ணீர்
எந்தத் தெருப் பல்லையும் விட்டுவைத்ததில்லை.

தனிக் குழாய், தனிப் பள்ளிக்கூடம்,
பஸ்ஸில் பின் இருக்கை
என்று சொல்லிக்கொண்டே போனேன்.
யாழரசி கை தூக்கவில்லை.
நோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்:
"அந்த ஊர்ல காலனி எந்தப் பக்கம் மிஸ்?"

முப்பத்தொரு பேருக்கும்
அந்தக் கேள்வியின் இலக்கணம் தெரியும்.
அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

போன ஆடியில்
வீடு பார்க்க வந்தபோது
சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்காரர் கேட்டார்:
"சொந்த ஊரு அரூர் பக்கமா? சரி.
ஊர்ல வீடு எந்தப் பக்கம்?"
பள்ளிக்கூடத்துப் பக்கம் என்றேன்.
பொய்யில்லை.
எங்கள் வீட்டிலிருந்தும் பள்ளிக்கூடம் தெரியும்,
ஓடைக்கு அந்தப் பக்கம்.

அவர் மகள் ரித்தன்யா
மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.
வீட்டுப்பாடத்தில் கெட்டி.
நடந்ததை ஒன்று விடாமல் வீட்டில் ஒப்பிப்பவள்.

சுண்ணக்கட்டியை எடுத்தேன்.
கோவில் போட்டேன்.
தார் ரோடு, தண்ணீர்த் தொட்டி, பால் சொசைட்டி.
ஓடையை வளைத்து இழுக்கும்போது
சுண்ணக்கட்டி ஒடிந்தது.
மிச்சத் துண்டால்
ஓடைக்கு அப்பால் ஒரு சின்னக் கட்டம்.

"அந்த ஊரைப் பற்றி எனக்குச் சரியாகத் தெரியாது.
இது என் ஊர்.
இங்கே கிழக்கு.
இந்தக் கட்டம் எங்கள் வீடு."

"எங்களுக்கும் கிழக்குதான் மிஸ்" என்றாள் யாழரசி,
விடைத்தாளைச் சரிபார்க்கிற குரலில்.
மாதேஷ் எதையோ எழுதி
ரப்பரால் அழித்தான்.
காகிதம் கிழிகிறவரை அழித்தான்.
ஜன்னலுக்கு வெளியே கூத்தரசன் சாரின் செருப்புச் சத்தம்
நின்றது,
கொஞ்சம் கழித்து நகர்ந்தது.

சாம்பல் பக்கத்தை
அன்று படிக்க நேரமில்லை.

சாயங்காலம் கேட் திறந்தே இருந்தது.
மாடிக் கொடியில் காயப்போட்டிருந்த என் சேலையை
யாரோ மடித்து
படிக்கட்டில் வைத்திருந்தார்கள்.
மழை வருமென்று எடுத்து வைத்தார்களா,
கொடியிலிருந்து எடுத்துவிட்டார்களா?
நான்கு மூலையும் ஒத்து வர
நன்றாகத்தான் மடித்திருந்தது.

வானத்தைப் பார்த்தேன்.
பாலக்கோட்டுத் திசையில் கொஞ்சம் மேகம் இருந்தது.