துடைத்த பிறகு

சனி மத்தியானம் துடைத்தேன்.
ஒரு கான் ஸ்ப்ரே, ஒரு பழைய டூத்பிரஷ்.
உள்வட்டம் புதுக்காசு போல மின்னியது.

ஞாயிறு, மார்க்கம் ரோட்டுச் சிவப்பு விளக்கில்
காலை எடுத்த பிறகும்
கொரோலா இறங்க மாட்டேன் என்று
மூவாயிரத்தில் நின்று கத்தியது.
பக்கத்துப் பிக்கப்காரன்
பந்தயத்துக்குக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான்.
நான் நியூட்ரலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கால்மிதி இல்லை.
கேபிள் வழுக்கிக்கொண்டுதான் போகிறது.
ஸ்பிரிங் விரலைக் கடிக்கிறது.
பூச்சியத்துக்குக் கீழே பதினொன்று;
டார்ச் பிடித்தபடி யசோதினி:
"நல்லாத்தானே ஓடினது,
ஏன் கை வச்சனீங்கள்?"

விளிம்பில் இருந்த கறுப்பில்
பாதிதான் கரி.
மீதி, தகடு சுவரைப் பிடிக்காமலிருக்க
ஆலையில் பூசி அனுப்பியது.
எனக்கு எல்லாம் அழுக்கு.

இரண்டு திருகாணியையும் தளர்த்தி
தகட்டை அதன்பாட்டுக்கு மூட விட்டேன்.
தானே இடம் பார்த்து உட்கார்ந்தது.
இறுக்கினேன்.
பிறகு, மகனின் பென்சிலால்
மினுங்கின விளிம்பைச் சுற்றிச் சுற்றி
திரும்பவும் கறுப்பாக்கினேன்.

ஆயிரத்து நானூறு.
ஆயிரம்.
எழுநூற்றைம்பது.

யசோதினி ஒன்றும் சொல்லாமல் டார்ச்சை அணைத்தாள்.
உள்ளே பிள்ளை கத்துகிறான்,
கணக்குக் கொப்பி விரித்தபடி,
என்ர பென்சில் எங்கே.