நிலை

நாளைக்குச் சாவி ஒப்படைக்க வேண்டும்.
ஓல்டனில் வீடு விடுவதென்றால்
குடியிருந்ததே இல்லை என்பதுபோல் விட வேண்டும்.
அடுப்புக்குள், யன்னல் இடுக்கில், குழாய் வாயில்
எங்களைத் துடைத்துக்கொண்டே வருகிறேன்.

துவாரகனின் அறைக் கதவு நிலையில்
பென்சில் கோடுகள்.

கீழிருந்து ஏறுகின்றன.
ஆறு வயது, ஏழு, எட்டரை.
அந்த அரையை அவனே கேட்டு எழுதுவித்தான்.
பதினைந்தில் ஒரு தாவல்.
பதினேழில் ஒரு விரற்கடை.
அதன் பிறகு ஏறவில்லை, தடித்திருக்கின்றன.
ஒரே இடத்தில் கோட்டின்மேல் கோடு,
ஓரத்தில் எறும்பெழுத்தில் தேதிகள்.
இருபத்தொரு வயதில், இருபத்திரண்டில்,
போன மார்ச்சில், போன செவ்வாயில்,
நூற்று அறுபத்தெட்டு.
நூற்று அறுபத்தெட்டு.
ஒருமுறை மட்டும் நூற்று அறுபத்தெட்டரை.
காலையில் எழுந்தவுடன் அளந்திருப்பான்.

இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என் கட்டில்.
இரண்டு வருடம் கேட்டேன்.
பார்சல் பிரிக்கும் வேலையிலிருந்து வந்து
கறியைச் சூடாக்காமலே தின்றுவிட்டு
காதில் கருவியை மாட்டிக்கொள்வான்.
பிறகு ஜெர்மனில் பேச்சு,
முகம் காட்டாத பையன்களோடு.
ஒருவன் கீல், ஒருவன் கிராஸ்,
ஒருவன் எந்த ஊரென்று சொல்லவே மாட்டான்.

முதலில் தாடையைப் பற்றித்தான் பேசினார்கள்.
என்னிடம் பாகைமானி கேட்டான்.
திரும்பப் படிக்கப்போகிறான் என்று பூரித்துப்போய்
பழைய பெட்டியைத் துழாவிக் கொடுத்தேன்.
கண்ணாடி முன் நின்று
காதுக்குக் கீழே அதை அழுத்தி
எலும்பின் கோணம் பார்த்தான்.

அளவு தெரிந்த பிறகு குற்றவாளி தேவைப்பட்டது.
அதையும் அவர்களே கொடுத்தார்கள்,
கடனாக, முதலில் வட்டியில்லாமல்.
ரயில் நிலையத்தில் சிரித்த பெண்கள்.
சிரிக்காத பெண்கள்.
மிச்சக் காசைக் கையில் தராமல்
தட்டில் வைத்த பேக்கரிக்காரி.
எல்லோருக்கும் பத்துக்கு இத்தனை.

ஓர் இரவு யாரோ என்னைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும்.
"நாலு" என்றான்.
கொஞ்சம் பொறுத்து,
"சரி, மூன்றரை."
பிறகு சிரித்தான்.
எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லாத சிரிப்பு.

நான் சுவரைத் தட்டவில்லை.
எழுந்துபோய்க் கண்ணாடி பார்த்தேன்.
அதைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

பதினாறு வயதில் எனக்கும் ஒரு களிம்பு இருந்தது,
குளியலறை அலமாரிக்குப் பின்னால்,
ஆறு வாரத்தில் வெளுக்குமென்று.
அதை விற்றவர்கள் வெறுக்கச் சொன்னது
என்னை மட்டும்தான்.
அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாமல்போனது.

மறுநாள் காலை
மேசையில் எனக்குத் தேத்தண்ணி ஊற்றி மூடிவைத்திருந்தான்.
சீனி அளவாக இருந்தது.
குடித்தேன். வேறென்ன செய்வது.

இப்போது ஈரத்துணி போதவில்லை, அழிரப்பர் எடுத்தேன்.
ஆறு வயதும் ஏழும் ஊதினாலே போயின.
எட்டரை கொஞ்சம் அடம்பிடித்தது.
மேலேயுள்ளது பெயின்டைக் கீறி
மரத்துக்குள் இறங்கியிருக்கிறது.
நகம் வைத்தால் தட்டுகிறது.

"தள்ளுங்கோ அக்கா."
மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான்.
நான் முதுகால் கோட்டை மறைத்துக்கொண்டு நின்றேன்,
திருடியவள்போல்.
மெத்தை இடிபடாமல் குனிந்து போனான்.
இருபது வருடத்தில்
அந்த வாசலில் அவன் குனிந்தது அன்றுதான்.
கவனித்திருக்க மாட்டான்.

திரும்பி வந்தபோது என் கையைப் பார்த்தான்.
"அது வராது.
நான் உரஞ்சிப் பாத்தனான்."

எப்போது என்று நான் கேட்கவில்லை.

"முன்பணத்தில எவ்வளவு பிடிப்பினம்?"
தெரியாது என்றேன்.
நாளை ஸ்பிண்டன் அம்மாள் வருவார்,
கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு
நிலையை விரலால் தடவிப் பார்ப்பார்,
இத்தனை பிராங்க் என்று எழுதுவார்.

துவாரகன் என் பக்கத்தில் நின்று
தன் கட்டைவிரலால் அந்தப் பள்ளத்தை
ஒருமுறை தேய்த்தான்.
காதில் கருவி இல்லை.
பேட்டரி தீர்ந்திருக்கலாம்.