அண்ணத்தில் மாடு

தானமாய் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள்.
எங்களுக்கு அதுதான் பிழைப்பு.

பவுரு நகரத்துக்கு வெளியே
இறைச்சிக் கூடத்திலிருந்து
செவ்வாய்தோறும் தெர்மோகோல் பெட்டியில்
முன்பற்கள் வந்து சேரும்,
ஐஸ் உருகிய தண்ணீரில்
புல்லின் கறைகூடப் போகாமல்.
நாலு மில்லிமீட்டர் சதுரங்களாய் அறுத்து
ஜன்னல் அதில் தெரியும்வரை தேய்ப்பேன்.
பாதிச் சதுரங்களுக்கு வார்னிஷ்.
மீதிக்குச் சும்மா தண்ணீர்.
எது எதற்கென்று எனக்கும் தெரியக் கூடாது;
அந்த நோட்டை மார்லி
தன் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறாள்.

இந்தச் சுற்றில் பன்னிரண்டு வாய்கள்.
பதினொன்று மாணவர்களுடையவை.
பன்னிரண்டாவது, இரவுக் காவல் ஜுராந்திர்.
வயது ஐம்பத்தெட்டு, சொந்தப் பல் இருபத்தாறு.
மேலண்ணத்தில் ஒரு பிளாஸ்டிக் தகடு,
தகட்டில் எட்டுச் சதுரம்.
மாட்டிக்கொண்ட முதல் நாள்
எனக்குக் கேட்டைத் திறந்துவிட்டு
'ம்மா' என்றார்.

பகலில் நான்கு தரம்
தகட்டைக் கழற்றி
எலுமிச்சை அமிலத்தில் ஒன்றரை நிமிடம்
முக்கி எடுத்து, கழுவி, திரும்ப மாட்டி
மணியைச் சீட்டில் குறிக்க வேண்டும்.
ஆரஞ்சுத் தோட்டங்கள் சூழ்ந்த ஊரில்
புளிப்பு கரைக்கும் பல்லுக்குக்
காவல் தேடும் வேலை இது.

ஜுராந்திரின் சீட்டில்
நான்கு மணிகளும் சரி.
ஓரத்தில் மட்டும் பென்சிலில்
1.10, 2.25, 3.40, 4.15.
'ராத்திரியில் யார் அமிலத்தில் முக்கச் சொன்னது?'
'அமிலம் இல்லை டாக்டர், மூத்திரம்.
மணி எழுதச் சொன்னீர்கள்,
எதன் மணி என்று சொல்லவில்லையே.'

மூன்று வருடமாய்ப் புராஸ்டேட் அழற்சி.
மாத்திரை மாற்றி மாத்திரை.
உட்கார்ந்தால்
நாற்காலிக்கு அடியில் யாரோ
செங்கல்லைச் சுட்டு வைத்ததுபோல் இருக்குமாம்.
அதனால்தான் நடக்கிற வேலை கேட்டு வாங்கினாராம்.

அவர் நடக்கும் வழியில், கீழ்த்தளத்தில்
ஒட்டாவியோவின் எலிகள்.
அதே வீக்கத்தை அவற்றுக்கு
ஒட்டாவியோதான் உண்டாக்கினான்.
பிறகு காட்டுப் பட்டையின் சாற்றை
ஊசி முனையில் பொழுதுக்கொரு துளி.
கழிவறைக்குப் போகிறபோதும் வருகிறபோதும்
கண்ணாடி வழியே ஜுராந்திர் எட்டிப் பார்ப்பார்.
காலையில் எனக்குச் செய்தி வரும்:
'பதினேழு நேற்று நன்றாகத் தின்றது.
பதினேழுக்குத் தேவலை போலிருக்கிறது.'

வெள்ளிக்கிழமை ஒட்டாவியோ
காப்பிக் கோப்பையோடு ஓடி வந்தான்.
பதினேழுக்கு வீக்கம் பாதியாகிவிட்டதாம்.
ஷிப்ட் முடிந்தும் கிளம்பாத ஜுராந்திர்
வாயெல்லாம் பல்லாய்க் கேட்டார்:
'எப்படித் தெரிந்தது?'

ஒட்டாவியோ கோப்பைக்குள் பார்த்தான்.
பிறகு நுண்ணோக்கியடியில்
ஒரு கண்ணாடிச் சில்லைக் காட்டினான்.
இளஞ்சிவப்புச் சாயத்தில் மெல்லிய ஒரு சீவல்.
ஜுராந்திர் ஒற்றைக் கண்ணை இடுக்கி
வெகுநேரம் குனிந்திருந்தார்.
'ஓ' என்றார்.
சீவலைச் சுற்றி எலி எங்கேயும் இல்லை.

நான் வாயைத் திறக்கவில்லை.
என் மேஜையிலும் அன்று
சதுரங்கள் வரிசையாய் ரம்பத்துக்குக் காத்திருந்தன.
எவ்வளவு கரைந்தது, எவ்வளவு தப்பியது என்று
குறுக்கே அறுக்காமல் எப்படிச் சொல்வேன்.

தகட்டைத் திருப்பித் தந்தார்.
'நாக்கு இன்னும் அங்கேயே போகிறது டாக்டர்,
மாட்டைத் தேடி' என்றார்.
இடது பக்கத்துக்கு வார்னிஷா,
வலது பக்கத்துக்கா என்று கேட்டார்.
தெரியாது என்றேன். உண்மைதான்.
'பட்டைச் சாறு மனிதனுக்கு எப்போது வரும்?'
அதையும்
தெரியாது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.
தொப்பியை எடுத்துக்கொண்டு
பேருந்துக்கு நடந்தார்.

அடுத்த இரவு கருவியோடு தங்கினேன்.
ஊசி பல்லின் மேல் ஊர்ந்து
பள்ளத்தை அளக்கிறது:
மூன்று மைக்ரான்,
மூன்றே கால்,
ஒன்று.
ஒன்றா?
துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். ஒன்றுதான்.
மார்லியை எழுப்பலாமா என்று யோசிக்கும்போது
தாழ்வாரத்தின் கோடியில்
தண்ணீர் இழுத்துவிடும் சத்தம்.

சுவரைப் பார்த்து
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்,
2.25.