ஏழாம் நோட்டு

கரண்டு இரவு ஒரு மணிக்கு வரும், ஐந்துக்குப் போய்விடும்.
அதற்குள் அம்மாவின் நாவலைத் தட்டச்சு செய்கிறேன்.
மோல்மேன் படித்துறையில் வெற்றிலை மடித்து விற்பவள்
பக்க எண் போடமாட்டாள்.
ஓரத்தில் பதிந்த சுண்ணாம்பு விரலை வைத்துத்தான்
எது முன், எது பின் என்று கண்டுபிடிக்கிறேன்.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான்.
ஆற்று மணலைக் குடமாக்கித் தண்ணீர் எடுத்தவள்
ஒருநாள், வானத்தில் போனவனின் நிழலை நீரில் பார்த்தாள்.
குடம் கரைந்தது.
தகப்பன் சொன்னான், மகன் வெட்டினான்,
கட்டிப்பிடித்துத் தடுத்த இன்னொருத்தியையும் சேர்த்து.
பிறகு வரம். பிறகு அவசரத்தில்
தலை மாறி ஒட்டியது.

எங்கள் கோயிலில் தலை மட்டும் இருக்கிறது, மஞ்சள் பூசி.
உடம்பு எங்கே போச்சு என்று
ஆறு வயதில் கேட்டு அம்மா குட்டு வாங்கினாளாம்.
அந்த உடம்பைத்தான் இப்போது தேடுகிறாள்.

எழுந்தவள் முதலில் தன் கையைப் பார்க்கிறாள்.
தோல் பதனிட்ட கை. நகத்தடியில் ஆவாரம்பட்டைக் கறை.
மணலை அள்ளினால் குடம் வரவில்லை;
ஆனால் இருட்டில், யாரும் சொல்லாமலே,
கன்றின் கயிற்றை அவிழ்க்கத் தெரிகிறது அதற்கு.
ஒரு குழந்தை ஓடிவந்து
இடுப்பைக் கட்டிக்கொள்கிறது,
நிமிர்ந்து முகத்தைப் பார்த்து
அலறுகிறது.

இந்த இடத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

வெட்டுகிற அத்தியாயம் மூன்றே வரி:
அவன் நல்ல பிள்ளை.
சொன்னதைச் செய்வான்.
அதுதான் எனக்குப் பயம்.
அடுத்த தாள் கிழிந்திருக்கிறது. கேட்டேன்.
பாக்கை நறுக்கிக்கொண்டே சொன்னாள்,
"மடிச்சுக் கொடுக்கக் காகிதம் தீந்துபோச்சுடா."
எந்தப் படகுக்காரன் சட்டைப்பையில்
போய்க்கொண்டிருக்கிறதோ அந்தக் கோடரி.

புதன்கிழமை வார்டு ஆபீசில்
படைக்கு ஆள் எடுக்கச் சீட்டுக் குலுக்குகிறார்கள்.
டப்பாவில் என் பெயரும் உண்டு.
அப்பா தட்டிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்,
"வந்தா போய்த்தானே ஆகணும்."
அம்மா ரசத்தை ஊற்றினாள். ஒன்றும் பேசவில்லை.

செவ்வாய் இரவு
ஏழாம் நோட்டு என் தலையணை மேல் கிடந்தது.
கடைசிப் பக்கத்தில் புதிதாக:

உயிரைத் திருப்பித் தா என்று
தகப்பனைக் கேட்டாய், மகனே.
என்னை ஒருதரம் கேட்டிருந்தால்
முதலில் அதைக் கீழே வை
என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஓரத்தில் கட்டைவிரல்.
சுண்ணாம்பு இன்னும் காயவில்லை.