மூன்றாம் தரம்

குன்னூரில் இருபத்தாறு வருஷம்
தேயிலைத் தூளை ஏலம் விட்டவன் நான்.
ஏலம் கணினிக்குள் போனபின்
சுத்தியலும் நானும் வீட்டில் இருந்தோம்.
கோத்தகிரியிலிருந்து எஸ்தர் பெள்ளி டீச்சர்
போனில் கூப்பிட்டார்.
"படமெல்லாம் எனக்குத் தெரியாதும்மா."
"விலை தெரியும்ல, அது போதும்."

மரத்தோட்டத்துக்காக நிதி.
கட்டபெட்டுக்குக் கீழே பன்னிரண்டு ஏக்கர்,
அதில் பாதி சதுப்பு,
காட்டெருமை மிதித்துப்போட்ட வேலி,
இருநூற்றுப் பதினாறு நாற்று.
பெயர்ப்பலகை மட்டும்
மரங்களுக்கு முன்னால் வந்துவிட்டது.

தேவாலய மண்டபத்தில் ஐம்பத்து மூன்று படங்கள்:
சுவரில் சாய்ந்து,
பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து,
ஒன்றிரண்டு பியானோ மேல் ஏறி.
வெளியே உறைபனி.
உள்ளே ஸ்வெட்டர்களின் அந்துருண்டை வாசனை.
முன்வரிசையில் வெலிங்டன் ராணுவத்தார்,
ஒரு பல் டாக்டர்,
எதிரெதிர் மூலையில்
ஒருவரையொருவர் பார்க்காத இரண்டு ரிசார்ட்காரர்கள்.
பின்னால் வேடிக்கைக்கு வந்தவர்கள்,
வடைக்கு வந்தவர்கள்.

தேயிலையை மோந்துதான் பேசத் தொடங்குவேன்.
பழக்க தோஷம்,
முதல் படத்தையும் குனிந்து மோந்தேன்.
டர்பன்டைன்.
சபை சிரித்தது. அதன்பின் எனக்குக் குளிர் விட்டது.

குறிஞ்சி நான்கு, நான்கும் போயின.
மூடுபனி ஏழு;
எது எவர் வரைந்ததென்று
வரைந்தவர்களே குழம்பினார்கள்.
மலை ரயில் பதினொன்று.
ஒன்றில் மட்டும் ஏற்றத்தில்
எஞ்சின் முன்னால் நின்று இழுத்தது.
எங்கள் ரயிலை அது பின்னாலிருந்து தள்ளும்.
தப்பான படம். அதற்குத்தான் போட்டி.

முப்பத்தொன்று: பூத்த சீகை.
ஆளுயரத் துணி முழுக்க மஞ்சள்.
அந்த மஞ்சளைக் கண்டால்
வளைவில் வண்டியை நிறுத்தாதவர் இல்லை.
புல்வெளியை மூடி, சோலை ஓரத்தைத் தின்று,
வெட்டினால் வேரிலிருந்து பத்தாய்க் கிளம்பும் மரம்.
தோட்டத்தார் வாங்கவிருக்கும் முதல் சாமானே
அதை அறுக்க ஒரு மோட்டார் ரம்பம்.
நாற்பதாயிரம். ஐம்பது. எழுபத்தைந்து.
ரிசார்ட்காரர்கள் இப்போது
ஒருவரையொருவர் பார்த்தார்கள்.
ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.
ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்.
தன் ரம்பத்துக்குத் தானே பணம் கட்டிவிட்டு
அசையாமல் நின்றது சீகை.

கடைசி, ஐம்பத்து மூன்று.
சட்டமில்லை, கையெழுத்தில்லை.
உர ரசீதின் பின்பக்கம், பென்சில்.
நாற்றுப் பண்ணையில் தண்ணீர் விடும் தவமலர் வரைந்தது:
இருபது கறுப்புப் பைகள்,
பைக்கு இரண்டிலை மூன்றிலை.
ஒரு பையில் வெறும் மண்.
"இது விட்டுப்போச்சா?" என்றேன் மெதுவாக.
"பிக்கி விதைங்க அது.
முளைக்க ஒன்றரை வருஷம் ஆகும்.
உள்ளதான் இருக்கு."

ஆரம்ப விலை ஐந்நூறு என்றேன்.
அதற்குள் வடை வந்துவிட்டது.

ஏலம் விடுகிறவன் கேட்கக்கூடாது. எங்கள் தொழிலின் சட்டம்.
தேயிலையில் தரம் என்றால் வேறு:
முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு.
எத்தனை மூட்டைகளுக்கு
அந்தப் பெயரை வைத்தேனோ.
விலைபோகாதது அடுத்த வாரம்
புது எண்ணோடு திரும்பி வரும்.

யாரும் விலை சொல்லாமலே
"ஒரு தரம்" என்றேன்.
நெய்ச் சட்னியா என்று யாரோ கேட்டார்கள்.
"இரண்டு தரம்."
கை மேலே நின்றது.
தவமலர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்,
இந்தப் பக்கம் பார்க்கவில்லை.
சுத்தியலைக் கோட்டுப் பையில் போட்டேன்.

டீச்சர் கணக்கு நோட்டோடு வந்தார்.
"ஐம்பத்து மூன்று? விலைபோகலன்னு எழுதிடவா?"
"எழுதாதீங்க. ஏலம் இன்னும் நடக்குது."
"எவ்வளவு நேரம்?"
"ஒன்றரை வருஷம்னு சொல்றாங்க."